மூன்றாவது சுற்று

புதிதாக வந்து சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கு,

உங்கள் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் சுபேதார் என் திருநகர் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். எஞ்சினைப் பற்றி எழுத மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். எஞ்சினுக்குப் புத்தகம் இருக்கிறது. அதைப் படிக்காதவன் நான் எழுதுவதையும் படிக்கப் போவதில்லை. நான் எழுதப் போவது என்னுடைய ஒரு தப்பைப் பற்றி. சுபேதார் "வீரதீரமா ஏதாச்சும் எழுதுங்கண்ணே" என்றார். அதற்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

நான் ராணுவத்தில் இருந்த காலத்தில் நம் விமானப் பிரிவில் பறந்தது சின்ன விமானம். மேலே இறக்கை, துணி போர்த்திய உடம்பு, ஒரே எஞ்சின். முன்னால் ஓட்டுகிற அதிகாரி, பின்னால் பார்க்கிற ஆள். நம் பீரங்கிக் குண்டு எங்கே போய் விழுகிறது என்று மேலே இருந்து பார்த்து, இன்னும் தள்ளிப் போடு, கிட்டப் போடு என்று ரேடியோவில் சொல்வதுதான் வேலை. நம் விமானத்தில் துப்பாக்கி கிடையாது, குண்டு கிடையாது. வெறுமனே பார்க்கிறவனால் யாருக்கு என்ன கெடுதல் வந்துவிடும் என்று எங்களுக்கு ஒரு மிதப்பு உண்டு. எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி. மதுரையைச் சுற்றி ஒரு வாரமாக விடாத மழை. கண்மாய்கள் எல்லாம் நிரம்பி, எந்தக் கரை எப்போது உடையும் என்று தெரியாமல் கிடந்தது. சாலைகள் அறுந்துபோனதால் மேலே இருந்து கரைகளைப் பார்த்துச் சொல்லும்படி எங்கள் விமானம் ஒன்றை மதுரைக்கு அனுப்பினார்கள். பின் சீட்டில் உட்கார வேண்டியவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. நான் எஞ்சின் ஃபிட்டர். இருந்தாலும் இந்த ஊர்க்காரன், கண்மாய்த் தண்ணீரில் வளர்ந்தவன் என்பதால் கேப்டன் என்னை ஏற்றிக்கொண்டார். அவர் வடக்கே மலைநாட்டுக்காரர். அளந்துதான் பேசுவார். எங்களுக்குள் இந்திதான். அதைத் தமிழாக்கி எழுதுகிறேன், அதிகாரியைக் கூப்பிடும் 'சாப்' மட்டும் அப்படியே இருக்கட்டும்.

என் தங்கை பாண்டியம்மாளைச் சமயநல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். அவள் புருஷன் மதுரையில் மில் வேலைக்காரர். நான் வந்திருப்பது தெரிந்து விமான நிலையத்து வாசலுக்கு வந்து பார்த்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். பெருமை விடவில்லை.

"ஒங்க ஊரு கம்மா எங்க லிஸ்ட்ல இருக்கு மாப்ள. நாளைக்கோ நாளான்னைக்கோ மேல வருவேன். சிவப்புத் துண்டு காட்டுவேன், பாண்டிட்ட சொல்லிருங்க" என்றேன்.

"ஊருக்கே சொல்லிர்றேன்" என்று சிரித்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை எஞ்சினை ஓட்டிச் சோதித்தபோது, வேகத்தைக் குறைத்து வைத்த இடத்தில் ஒரு முறை தடுமாறியது. பெட்ரோலில் தண்ணீர் இறங்கியிருக்குமோ என்று வடித்துப் பார்த்தேன். இரண்டு சொட்டு வந்தது. திரும்ப ஓட்டினேன், ஒழுங்காக ஓடியது. கேப்டனிடம் சொன்னேன். "முழு வேகத்தில் நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். கிளம்பினோம்.

மூன்று கண்மாய்களைப் பார்த்துவிட்டு என் தங்கை ஊர்க் கண்மாய்க்கு வந்தோம். ஊர் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. வீடுகள் எல்லாம் மேட்டில். மேற்கே தள்ளிக் கண்மாய்க் கரை. இரண்டுக்கும் நடுவே பள்ளமான வயல்கள். ஊருக்குக் கிழக்கே ஆடு மேய்கிற சரளைப் பொட்டல், வீடுகளைவிடவும் உயரம். கரையில் அப்போது ஒரு ஆள் கிடையாது. அந்த மழையில் எவன் அங்கே போவான்?

முதல் சுற்றிலேயே பார்த்துவிட்டேன். கரைக்கு வெளிப்பக்கம், அடியில், வயலுக்குள் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. தெளிந்த தண்ணீராகக் கசிந்தால் அவ்வளவாகப் பயப்பட வேண்டாம். இது சேறாக, கலங்கலாக வந்தது. கரைக்குள் இருக்கிற மண்ணை அரித்து எடுத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். இரண்டாவது சுற்றில் கேப்டனுக்குக் காட்டினேன். அவர் ரேடியோவில் சொன்னார். தகவல் கொடுத்துவிடுகிறோம், ஜீப் வந்துசேர இரண்டு மணி நேரமாவது ஆகும், நீங்கள் அடுத்த கண்மாய்க்குப் போங்கள் என்று பதில் வந்தது.

"வீடுகள் மேட்டில் இருக்கின்றன. கரையில் ஆள் இல்லை. உடைந்தால் பயிர் போகும், உயிர் போகாது. கிளம்பலாம்" என்றார் கேப்டன்.

சரியான முடிவு. இன்றைக்கு நீங்கள் அதே இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்ய வேண்டும். நான்தான், "கசிவு எவ்வளவு நீளத்துக்கு இருக்கிறது என்று இன்னொரு சுற்றில் சரியாகப் பார்த்துவிடுகிறேன் சாப், கொஞ்சம் தாழப் போனால் நல்லது" என்றேன். கசிவின் நீளம் எனக்கு இரண்டாவது சுற்றிலேயே தெரியும். தங்கை வீட்டு ஓடு தெரிந்தது, அவ்வளவுதான் காரணம். கேப்டன் என்னை நம்பித் திருப்பினார். நான் ஜன்னல் வழியாகத் துண்டை வெளியே விட்டேன்.

வீடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். முதலில் நாலைந்து பேர். அப்புறம் தெருவே வந்தது. ஊருக்குள் மரம் மறைக்கிறது, விமானம் சரியாகத் தெரியாது. நாங்கள் சுற்றியது மேற்கே, அதை மறைப்பில்லாமல் கிட்டத்தில் பார்க்க அந்தக் கரையைவிட்டால் வேறு இடம் கிடையாது. வரப்பு வழியே அத்தனை பேரும் கண்மாய்க் கரையைப் பார்த்து ஓடினார்கள். கோணிச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கிழவர்கள், பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆண்கள். நாங்கள் சுற்றித் திரும்பி வருவதற்குள் கரை மேல் வரிசையாக நின்றார்கள். நூறு பேராவது இருப்பார்கள். சரியாகக் கசிவுக்கு மேலே நின்றது ஒரு பச்சைச் சேலை, இடுப்பில் குழந்தை. என் பாண்டி.

சண்டைக் காலத்தில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. துண்டை உள்ளே இழுத்துக்கொண்டு, போங்க போங்க என்று கையை வீசினேன். அவர்களும் கையை வீசினார்கள். தாழ இறங்கினோம், கத்திப் பார்த்தேன். எஞ்சின் சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. தாழ இறங்க இறங்க ஊரில் மிச்சம் இருந்தவர்களும் கிளம்பி வந்தார்கள்.

"செய்திப் பை" என்றார் கேப்டன்.

ரேடியோ இல்லாத நம் ஆட்களுக்குச் சேதி போடுவதற்கு அந்தக் காலத்தில் ஒரு காக்கிப் பை வைத்திருப்போம். அடியில் மணல், வாலாக நீளமான மஞ்சள் துணி. ஒன்றுதான் இருந்தது. பென்சிலை எடுத்து எழுதினேன். "கரை உடையப் போகிறது. உடனே கிழக்கே பொட்டலுக்கு ஓடுங்கள்." மூடிக் கட்டிக் கரைக்கு நேரே போட்டேன். காற்று அடித்துத் தள்ளிவிட்டது. பை கண்மாய்த் தண்ணீருக்குள் விழுந்தது.

கரையில் நின்ற ஒரு ஆள் சட்டென்று வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் குதித்தார். ஐயோ, இப்போது தண்ணீருக்குள்ளேயும் ஒருத்தனைத் தள்ளிவிட்டோமே என்று எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. நீந்திப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு கரையேறினார். எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். பிரித்துப் படிப்பார்கள், இதோ ஓடப் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருத்தரும் நகரவில்லை. அந்த ஆள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துத் தலைக்கு மேல் கையைக் காட்டினார். பத்திரமாக இருக்கிறது என்கிற மாதிரி.

கசிந்த இடத்தில் வயலுக்குள் தண்ணீர் கொப்பளிக்க ஆரம்பித்திருந்தது.

கேப்டன் கரையையும் கிழக்கே பொட்டலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "நாம் எங்கே இருக்கிறோமோ அங்கே வருகிறார்கள். அப்படியானால் கிழக்கே விழுவோம்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"பொட்டலுக்கு மேலே போய் எஞ்சினை அடக்குகிறேன். சத்தம் நின்றுவிட்டால் விமானம் விழுகிறது என்று நினைப்பார்கள், ஓடி வருவார்கள். தரைக்குப் பக்கத்தில் திரும்ப முடுக்கி எழும்பிவிடலாம்." அப்புறம் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "உன் எஞ்சின் இது. அடக்கினால் திரும்ப எடுக்குமா?"

தம்பிகளே, இந்தக் கேள்வியை என்றைக்காவது உங்களிடமும் ஒருத்தர் கேட்பார். எடுக்கும் சாப் என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. கீழே பாண்டி குழந்தையோடு நிற்கிறாள். எடுக்காது என்று சொன்னால் அவர் வேண்டாம் என்று விட்டுவிடுவாரோ என்று பயம். எடுக்கும் என்று சொல்லி எடுக்காவிட்டால், எழும்புகிற நினைப்பில் அவர் பனைமரத்துக்குள் போய்ச் சொருகிவிடுவார்.

"காலையில் ஒரு தடவை தடுமாறியது சாப். நிச்சயமாகச் சொல்ல முடியாது" என்றேன்.

"நல்லது. அப்படியானால் எழும்ப மாட்டோம் என்றே வைத்துக்கொண்டு இறங்குகிறேன். பெல்ட்டை இறுக்கு."

ஊருக்கு மேலே போனோம். பொட்டலில் மரம் இல்லாத ஒரு நீளத்தை அவர் முதலிலேயே பார்த்து வைத்துக்கொண்டார். பிறகு எஞ்சினை அடக்கினார். அந்த அமைதி இருக்கிறதே, அதை என்னால் எழுதிக் காட்ட முடியாது. இறக்கையில் மழை விழுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கரை மேல் நின்ற வரிசை அப்படியே கலைந்தது. வரப்பில் விழுந்து எழுந்து அத்தனை பேரும் ஊர்ப் பக்கம் ஓடி வந்தார்கள். முன்னால் பச்சைச் சேலை.

"வருகிறார்கள் சாப்" என்றேன்.

கேப்டன் முடுக்கினார். எஞ்சின் இரண்டு தரம் இருமியது, நின்றுவிட்டது.

அவர் இறங்குவதற்கே தயாராக இருந்ததால் நான் இன்றைக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். சரளையில் சக்கரம் பட்டு, எகிறி, மறுபடி விழுந்து, வால் சக்கரம் முறிந்து, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் நின்றது. எதிரே பனைமரம் பத்து முழத்தில். நான் வெளியே விழுந்து எழுந்து முதலில் பார்த்தது எஞ்சினுக்கு முன்னால் சுற்றுகிற விசிறியைத்தான். அது அசையாமல் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் ஓடி வருகிற கூட்டத்தை அந்த விசிறியிலிருந்து யார் தடுத்திருக்க முடியும்? அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பாண்டிதான் முதலில் வந்தாள். காலெல்லாம் முள் கீறி ரத்தம். குழந்தை வீறிட்டு அழுதது. என் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"செத்துட்டியோன்னு நெனச்சேண்ணே. நீ இருக்கியா? ஒனக்கு ஒண்ணும் ஆகலியே?"

"ஒண்ணும் ஆகலத்தா. கரையில யாராச்சும் நிக்கிறாகளா? எல்லாரும் வந்துட்டாகளா?"

"எல்லாரும் ஒனக்காகத்தான் ஓடியாந்தோம்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தத் தண்ணீரில் குதித்த ஆள் வந்தார். முத்தையா என்று பெயர், நாற்பது வயது இருக்கும், பாண்டி வீட்டுக்கு அடுத்த வீடு. மூச்சு வாங்கிக்கொண்டே காக்கிப் பையை என் கையில் கொடுத்தார்.

"தம்பி, ஒங்க பை மேலருந்து தவறி விழுந்துருச்சு. சர்க்கார் சாமான்ல, அதான் யாரையும் தொறக்க விடல. கட்டு அப்படியே இருக்கு, பாத்துக்கங்க."

நான் அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மேற்கே சத்தம் கேட்டது. இடி மாதிரி ஒரே தரம் இல்லை, லாரியில் இருந்து கல் கொட்டுகிற மாதிரி நீளமாகக் கேட்டது. அவர்கள் நின்ற இடத்தில் கரை இல்லை. செந்தண்ணீர் வயல் முழுக்கப் பரந்து, ஊர் மேட்டுக்குக் கீழே திரும்பித் தெற்கே போனது. ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறவில்லை. கேப்டன் சொன்ன மாதிரியே, பயிர்தான் போனது.

அன்றைக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கினோம். மறுநாள் காலை எங்களை அழைத்துப் போக ஜீப் வந்தபோது ஊரே கூடி நின்றது. கோயிலுக்குக் கட்டிய மாலையை எங்களுக்கென்று கொண்டுவந்திருந்தார்கள். முத்தையா மாலையோடு முன்னால் வந்தார். கேப்டன் ஒரு அடி பின்வாங்கினார். என்னைப் பார்த்துச் சொன்னார்.

"இவர்களிடம் சொல். நாங்கள் வராமல் இருந்திருந்தால் நீங்கள் எல்லாரும் வீட்டில் பத்திரமாக இருந்திருப்பீர்கள். உங்களைக் கரைக்கு இழுத்து வந்ததே நாங்கள்தான். இனி எந்த விமானம் வந்தாலும் கரைக்கு ஓடாதீர்கள். ஒவ்வொரு வார்த்தையையும் சொல்."

"சாரு என்ன சொல்றாரு தம்பி?" என்றார் முத்தையா.

பாண்டி கூட்டத்துக்கு முன்னால் குழந்தையோடு நின்றாள். எங்கண்ணே, எங்கண்ணே என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த மூன்றாவது சுற்று யாருக்காகச் சுற்றியது என்று எனக்குத் தெரியும். சாப் சொன்னதைச் சொன்னால் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"ஒங்களையெல்லாம் நல்லபடியாப் பாத்ததுல சாருக்கு ரொம்பச் சந்தோசமாம்" என்றேன்.

ஜனங்கள் கைதட்டினார்கள். கேப்டன் நெற்றியைச் சுருக்கினார்.

"நான் சொன்னதைச் சொன்னாயா?"

"சொன்னேன் சாப்."

"பிறகு ஏன் கைதட்டுகிறார்கள்?"

"மறைக்காமல் சொன்னதற்காக, சாப்."

அவர் அதையும் நம்பினார். தலையைக் குனிந்து மாலையை வாங்கிக்கொண்டார்.

முந்தின நாள் உயிர் போகிற நேரத்தில் அவர் கேட்டதற்கு உண்மையைச் சொன்னவன் நான். மறுநாள் ஒரு மாலையைப் பார்த்துவிட்டுப் பொய் சொன்னவனும் நான்தான். இதை வைத்து என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். பயத்தில் தப்புச் செய்கிறவனை உங்கள் அதிகாரிகள் கண்டுபிடித்துவிடுவார்கள். பாராட்டு வாங்கும்போது தப்புச் செய்கிறவனைக் கண்டுபிடிக்க ஆள் கிடையாது, நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்திரமாக இறங்கிய பிறகும், கீழே இருக்கிற ஜனங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் நம் வேலை முடியவில்லை.

அடுத்த வருஷ மழைக்கு நான் வடக்கே எல்லைப் பக்கம் இருந்தேன். கண்மாய்களைப் பார்க்க வேறொரு விமானம் போயிருக்கிறது, வேறு ஆட்கள். அவர்கள் ஒரு சுற்றுக்கு மேல் சுற்றவில்லை என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பாண்டியின் கடிதம் எனக்குப் பதினைந்து நாள் கழித்து வந்தது. அவள் சொல்லச் சொல்ல யாரோ எழுதியது.

"அண்ணனுக்கு பாண்டி எழுதுவது. நாங்கள் சுகம். போன செவ்வாய்க்கிழமை பிளேன் சத்தம் கேட்டது. எங்கண்ணன் வந்துவிட்டது என்று நான்தான் முதலில் சொன்னேன். போன தடவை நம்மைக் காப்பாற்றின பிளேன் என்று முத்தையா அண்ணன் எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டு கரைக்கு முன்னால் ஓடினார். புதுசாக மண் போட்ட இடம் சரிந்துவிட்டது. அவர் உடலை மறுநாள்தான் எடுத்தார்கள். நீ ஏன் அண்ணே நிற்காமல் போய்விட்டாய்? உன் உடம்பைப் பார்த்துக்கொள்."

அன்றைக்கே பதில் எழுதினேன். முத்தையா அண்ணன் வீட்டுக்கு என் வருத்தத்தைச் சொல்லச் சொன்னேன். அந்த விமானத்தில் நான் இல்லை என்று எழுதினேன். கேப்டன் அன்று சொன்னதை அதிலும் எழுதவில்லை.